பு லாசினெமும் ஒற்றைப் பெயர்க்காரர்களும்

சுராபாயாவில் எங்கள் கப்பல் நிறுவனத்தின் மூன்றாவது மாடியில், குளிர்சாதனக் காற்று நேராக முதுகில் அடிக்கும் மேசை ஒன்று உண்டு. அதில் பு லாசினெம் இருபத்திரண்டு வருடங்களாக உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தை வேறு யாரும் கேட்டதில்லை. ‘பு’ என்பது மூத்த பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல். மிச்சமிருக்கும் லாசினெம்தான் அவருடைய முழுப் பெயர். ஜாவாவில் அவர் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான். பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்தார்கள், அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

பத்தொன்பது வயதில் டிக்கெட் கவுண்டரில் சேர்ந்தார். பத்து வருடம் கழித்து அலுவலகத்துக்கு முதல் கணினிகள் வந்தன. மற்றவர்கள் கணினியோடு வந்த அட்டைப்பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இவர் கையேட்டைக் கொண்டுபோனார். அதை ஒரு வருடம் படித்து முடித்துவிட்டு, இரண்டு இடங்களில் அச்சுப்பிழை இருக்கிறது என்று மேலாளரிடம் சொன்னார். அவரைக் கவுண்டரில் வைத்துக்கொள்வது ஆபத்து என்று நினைத்து மேலே அனுப்பினார்களாம். இது அவரே சொன்னது.

மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, கையில் வேலை இல்லாமல் நான் திரும்பி வந்தபோது, ஆறு மாத ஒப்பந்தத்தில் அவருக்கு உதவியாக என்னை எடுத்தார்கள். இளம் பெண்களை அழைக்கும் ‘எம்பாக்’ சேர்த்து, முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“எம்பாக் யாசோ, உங்களுக்கு ஒரே எடத்துல எவ்வளவு நேரம் உக்கார முடியும்?”

“பழகிக்கறேன், பு.”

“சரி. பழகுற வரைக்கும் காப்பி நீங்க போடுங்க. எந்திரிக்க ஒரு சாக்கு.”

அவருடைய ஆயுள் உழைப்பு என்று சொன்னால் இருநூற்றுப் பதினான்கு ப்ரொசீஜர்கள். தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்ட வேலைகள் அவை. டிக்கெட் பதிவது, படுக்கை ஒதுக்குவது, கப்பல் கிளம்பும் முன் பயணிகள் பட்டியலை மூடுவது எல்லாம் அங்கேயே நடக்கும். வெளியே இருக்கும் திரைகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். ராவோன் என்கிற மாட்டிறைச்சிச் சூப்புக் கடையில் போய் “ஒரு ராவோன், முட்டை தனியா” என்று சொல்கிறோம். எலும்பு எத்தனை மணிக்கு அடுப்பில் ஏறியது என்று நாம் கவலைப்படுவதில்லை. அந்த மாதிரி.

அந்த வருடம் எங்கள் நிறுவனம் மக்காசர் வழியில் ஓடும் சின்னக் கப்பல் நிறுவனம் ஒன்றை வாங்கியது. எங்களுடையது விலை கொடுத்து வாங்கிய தரவுத்தளம். அவர்களுடையது இலவசமாகக் கிடைப்பது. இரண்டையும் எங்கள் செயலிகளாலேயே ஓட்ட வேண்டும் என்று இயக்குநர் பாக் லெகிமான் முடிவு செய்தார். (மூத்த ஆண்களுக்கு ‘பாக்’, இளைஞர்களுக்கு ‘மாஸ்’.) ஜகார்த்தாவிலிருந்து ரெய்னால்டி குசுமா என்ற இளம் ஆலோசகரை வரவழைத்தார். அவர் வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு வந்து, ப்ரொசீஜர்கள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைச் செயலிக்குள் எழுதிவிடலாம் என்றார்.

“இந்தக் காலத்துல யாரு பு டேட்டாபேஸ்குள்ள இவ்வளவு எழுதி வெப்பாங்க? பேங்க் லாக்கர்குள்ள அடுப்பு வெச்ச மாதிரி இருக்கு.”

“சமைச்சது திருடு போகாதே, மாஸ்.”

“ரெண்டு டேட்டாபேஸும் ரெண்டு விதமா கூப்பிடச் சொல்லும். ஒவ்வொரு எடத்துலயும் ரெண்டு மாதிரி எழுதுவீங்களா?”

“ஒரே மாதிரி கூப்பிடலாம். வழி இருக்கு.”

பாக் லெகிமான் அவரை அறைக்குக் கூப்பிட்டார். நான் குறிப்பேட்டோடு பின்னால் நின்றேன்.

“பு, நேரா சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.”

“நேரா சொன்னா எதுக்குக் கோவம், பாக்? சுத்தி வளைச்சாத்தான் எனக்குக் கால் வலிக்கும்.”

“நாலு மாசம் தர்றேன். நோன்பு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் ரெண்டு கப்பலை ரெண்டு டேட்டாபேஸுலயும் உங்க வழியில ஓட்டிக் காட்டுங்க. ஓடினா உங்க ப்ரொசீஜரும் இருக்கும், நீங்களும் அந்த மேசையில இருப்பீங்க. ஓடலைன்னா ரெய்னால்டி வழி. உங்களைக் கிடங்குக்கு மாத்திருவேன். பென்ஷன் வரைக்கும் லைஃப் ஜாக்கெட் எண்ணிக்கிட்டு இருக்கலாம். சம்பளம் குறையாது.”

“கிடங்குல ஏசி இருக்கா, பாக்?”

“இல்லை.”

“அது ஒண்ணுதான் அங்க நல்லது,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். படிக்கட்டில் இறங்கும்போது அவர் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

நான்கு மாதம் வேலை செய்தோம். ப்ரொசீஜர்களை இலவசத் தளத்தின் மொழியில் மறுபடி எழுதியது அவர். செயலியில் அவற்றைக் கூப்பிடும் நானூற்றுச் சொச்சம் இடங்களை மாற்றியது நான். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தோம். சுருள் அடைப்புக்குறி, அதற்குள் கூப்பிடும் சொல், ப்ரொசீஜரின் பெயர், பிறகு கொடுக்க வேண்டிய ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு கேள்விக்குறி. நடுவில் நிற்கும் டிரைவர் என்கிற மென்பொருள் அதை அந்தந்தத் தளத்தின் பேச்சுக்கு மாற்றிக் கொடுத்துவிடும். சொல்லும்போது சுலபம்.

சுவரில் அவர் இரண்டு வரி எழுதி ஒட்டினார். ‘கேள்விக்குறி எதையும் தாண்டாதே.’ ‘முதலில் வரிசை, பிறகு மொத்தம்.’

முதல் வரிக்குக் காரணம், பழைய அழைப்புகளில் தேவையில்லாத விவரத்தைச் சொல்லாமலே விடலாம். குடும்பப் பெயர் இல்லாதவருக்கு அந்த இடத்தையே விட்டுவிடுவோம். புதிய வடிவத்தில் எல்லாக் கேள்விக்குறிக்கும் பதில் வேண்டும். இல்லாததற்கு ‘ஒன்றுமில்லை’ என்பதையாவது அனுப்ப வேண்டும். இரண்டாவது வரி என்னால் வந்தது. பட்டியலை மூடும் ப்ரொசீஜர் பெயர் வரிசையையும் மொத்த எண்ணிக்கையையும் தரும். வரிசையை முழுக்கப் படித்து முடிக்கும் வரை சில இடங்களில் மொத்தம் கைக்கு வராது. நான் மொத்தத்தை முதலில் கேட்டேன். பூச்சியம் வந்தது.

“எம்பாக் யாசோ, சாப்பாடு வர்றதுக்கு முன்னாடி தட்டு கழுவுற ஆளா நீங்க?”

சோதனைக்காகப் பொய்க் கப்பல் ஒன்றில் முந்நூறு பொய்ப் பயணிகளை ஏற்றினோம். எங்கள் மாடியில் ஒரு வழக்கம் உண்டு. பயணிகள் பட்டியல் என்பது கடலில் ஏதாவது ஆனால் யாரைத் தேடுவது என்பதற்கான பட்டியல். அதில் விளையாட்டுக்குக்கூடத் தன் பெயரையோ சொந்த ஊர்க்காரர் பெயரையோ எழுதுவது ஆகாத காரியம். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் செய்ய மாட்டார்கள். அதனால் சோதனைக் கப்பலில் எப்போதும் வெளிநாட்டுக்காரர்கள்தான் போவார்கள். முன்பெல்லாம் கால்பந்து வீரர்களை ஏற்றியிருக்கிறார்கள். இந்த முறை என் முகவரிப் புத்தகம் இருந்தது. லிஸ்பனில் அறை கொடுத்தவர், ஜார்ஜியாவில் பேருந்தில் ஆப்பிள் கொடுத்த மூவர், மெக்சிகோவில் என் செருப்பைத் தைத்தவர், அவர்களுடைய அண்ணன் தம்பிகள் என்று எல்லோரையும் ஏற்றினேன்.

பு லாசினெம் பட்டியலைப் பார்த்தார். “இந்த மெக்சிகோக்காரர் பேருக்கே தனியா ஒரு படுக்கை போடணும் போல இருக்கே.”

முந்நூறு பேரும் இரண்டு தளங்களிலும் பிசகில்லாமல் வந்தார்கள். ரெய்னால்டியே எழுந்து வந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு,” என்றார். அவர் நல்ல பையன். அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நிஜ நாள். தஞ்சோங் பேராக் துறைமுகத்தில், பயணிகள் வாசலுக்குப் பக்கத்து அறையில் மூவரும் கணினியோடு உட்கார்ந்தோம். காலை எட்டு மணிக்குப் பஞ்சார்மாசின் கப்பல், எங்களுடைய பழைய தளத்தில். பட்டியல் அச்சானது, துறைமுக அதிகாரி முத்திரை குத்தினார், கப்பல் போனது. மதியம் பன்னிரண்டுக்கு மக்காசர் கப்பல், இலவசத் தளத்தில். அறுநூற்றெட்டு பயணிகள். அதில் ஒருவர் பாக் லெகிமான். மக்காசர் அலுவலகத்தைத் திறந்து வைப்பதற்காக, பட்டிக் சட்டையும் இரண்டு பெட்டி அடுக்குக் கேக்குமாக வந்திருந்தார்.

பதினொன்று ஐந்துக்குப் பட்டியல் அச்சானது. மொத்தம் அறுநூற்றெட்டு, சரி. ரெய்னால்டி கை கொடுத்தார். பு லாசினெம் பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாழைப்பழ வறுவலை வாயில் போட்டார். அது கடிபடும் முன் அதிகாரி உள்ளே வந்தார். கையில் பட்டியல்.

“என்ன பு, பேய்ங்களை ஏத்துறீங்களா?”

பட்டியலில் வயது இருந்தது, ஆணா பெண்ணா என்பது இருந்தது, படுக்கை எண் இருந்தது. பல வரிகளில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பெயர் இல்லாத வரிக்கு அடையாள அட்டையை ஒப்பிட முடியாது, ஒப்பிடாமல் யாரையும் ஏற்ற முடியாது என்றார் அதிகாரி. வாசலில் வரிசை நின்றுவிட்டது. முன்னால் நின்றவர் எங்கள் இயக்குநர்.

“நான் இந்தக் கம்பெனியோட டைரக்டர், பாக்.”

“இருக்கலாம். அறுபத்தொரு வயசு, ஆண், முதல் வகுப்பு, படுக்கை நாலு. ஆளு இருக்காரு, பேரு இல்லை.”

“அது நான்தான்.”

“நீங்க சொல்றீங்க. பட்டியல் சொல்லலையே. உங்களை விடுங்க, இன்னும் இருநூத்தி நாப்பத்தியொரு பேரு இப்படி நிக்கிறாங்க.”

ரெய்னால்டி விசைப்பலகையில் வேகமாக எதையோ தட்டினார். பு லாசினெம் கணினியைத் தொடவில்லை. பட்டியலை வாங்கி, பெயர் இருக்கும் வரிகளை மட்டும் விரல் வைத்துப் படித்தார். பிறகு வாசலுக்குப் போய், வரிசையில் கோழிக்கூடையோடு நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டார்.

“உங்க பேரு என்ன, பு?”

“சாதினா.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன வேணும்? எங்கப்பா ஒண்ணுதான் வெச்சாரு. அவருக்கே ஒண்ணுதான்.”

அடுத்து இயக்குநர் பக்கம் திரும்பினார். “பாக், உங்க பேரு?”

“ஏன், என் பேரு உங்களுக்குத் தெரியாதா?”

“முழுப் பேரு.”

“லெகிமான்! பொறந்ததுலேர்ந்து லெகிமான்!”

“நன்றி, பாக்.”

உள்ளே வந்து உட்கார்ந்தார். “ஒத்தப் பேருக்காரங்க மட்டும் காணாம போயிருக்காங்க. என் வரிதான்.”

பட்டியல் ப்ரொசீஜரில் பெயரையும் குடும்பப் பெயரையும் ஒட்டும் வரி ஒன்று இருந்தது. பழைய தளத்தில் ‘லாசினெம்’ என்பதோடு ‘ஒன்றுமில்லை’யை ஒட்டினால் லாசினெம் கிடைக்கும். இலவசத் தளத்தில் எதோடு ‘ஒன்றுமில்லை’யை ஒட்டினாலும் மொத்தமும் ஒன்றுமில்லை. அந்த வரியை அவர் இருபது வருடப் பழக்கத்தில் அப்படியே படியெடுத்திருந்தார். கூப்பிடும் முறை இரண்டு இடத்திலும் ஒன்றாகிவிட்டது. கூப்பிட்ட பிறகு உள்ளே நடப்பது ஒன்றாகவில்லை. நாங்கள் சோதித்த முந்நூறு பேரில் ஒருவர்கூட ஒற்றைப் பெயர்க்காரர் இல்லை.

“ஒரு குறுக்கு வழி இருக்கு, பு,” என்றார் ரெய்னால்டி. “குடும்பப் பேரு இல்லாதவங்களுக்கு அதே பேரை ரெண்டாவது தடவையும் போட்டுருவோம். லெகிமான் லெகிமான். விமானக் கம்பெனிங்க அப்படித்தான் பண்றாங்க. ஒரு நிமிஷ வேலை.”

“அட்டைல ஒரு லெகிமான், பட்டியல்ல ரெண்டு லெகிமான். அந்த அதிகாரி ரெண்டாவது லெகிமான் எங்கன்னு கேப்பாரு. ஆளுங்க பேருல கை வெக்க வேண்டாம், மாஸ். தப்பு அவங்க பேருல இல்லை.”

வரியைத் திறந்தார். குடும்பப் பெயர் ‘ஒன்றுமில்லை’யாக இருந்தால் வெற்றுச் சொல்லாக எடுத்துக்கொள் என்று சேர்த்தார். இரண்டு தளங்களும் ஒப்புக்கொள்ளும் விதத்தில் அதை எழுத ஏழு நிமிடம் ஆனது. அதிகாரி வாசல் சட்டத்தில் சாய்ந்துகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஜக் கப்பலில் விடுவதற்கு முன் பொய்க் கப்பலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு ஒற்றைப் பெயர் ஒன்று வேண்டும்.

“யாரைப் போடலாம், பு?” என்றேன்.

அவர் தட்டிக்கொண்டிருந்தார். பெயர், லாசினெம். குடும்பப் பெயர், ஒன்றுமில்லை. வயது ஐம்பத்து மூன்று. பெண்.

“பு!”

“வேற யாரு பேரைப் போடச் சொல்றீங்க? தப்பு பண்ணினவதானே ஏறணும்?”

பழைய தளத்தில் ஓட்டினார். லாசினெம் வந்தார். இலவசத் தளத்தில் ஓட்டினார். அங்கேயும் வந்தார். பிறகு நிஜக் கப்பலின் பட்டியலை மறுபடி அச்சிட்டார். அதிகாரி அறுநூற்றெட்டு வரிகளையும் நின்றபடியே பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். கப்பல் பன்னிரண்டு நாற்பதுக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று.

வரிசை நகரும்போது பாக் லெகிமான் உடனே ஏறவில்லை. கேக் பெட்டிகளைக் கோழிக்கூடைக்காரப் பெண்ணிடம் பிடிக்கச் சொல்லிவிட்டு எங்கள் அறைக்குள் வந்தார்.

“ரெய்னால்டி, உன் வழியில பண்ணியிருந்தா இது வந்திருக்குமா?”

ரெய்னால்டி பு லாசினெமை ஒரு தரம் பார்த்தார். “வந்திருக்காது, பாக். பேரை ஒட்டுறது செயலிக்குள்ள நடந்தா ரெண்டு டேட்டாபேஸுக்கும் ஒண்ணுதான்.”

“அப்படியா, பு?”

“உண்மைதான், பாக்.”

வெளியே ஒலிபெருக்கி யாரோ ஒருவருடைய காணாமல் போன பையைத் தேடிக்கொண்டிருந்தது.

“ஆனா,” என்றார் ரெய்னால்டி. யாரும் அவரைக் கேட்கவில்லை. “செயலி மூணு இருக்கு, பாக். கவுண்டர் திரை, ஏஜெண்ட் போன்ல இருக்கறது, வாசல்ல கையில பிடிக்கிற மெஷின். மூணுலயும் தனித்தனியா எழுதியிருப்போம். இதுல இல்லாட்டி வேற எதுலயாவது ஒரு தப்பு வந்திருக்கும். வந்தா ஏஜெண்ட் போன்ல மாத்தி ஏத்த ரெண்டு நாள் ஆகும். இவங்க கப்பல் நிக்கும்போதே ஒரே எடத்துல மாத்திட்டாங்க. மூணும் சரியாயிடுச்சு. எதையும் நிறுத்தக்கூட இல்லை.”

“அப்போ என் கப்பல் எப்ப போயிருக்கும்?”

“வியாழக்கிழமை, பாக்.”

பாக் லெகிமான் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பு, நீங்க அந்த மேசையிலயே இருங்க. ப்ரொசீஜரும் இருக்கட்டும். ஆனா என் கப்பல் நாப்பது நிமிஷம் லேட். என்னை என் கப்பல்லயே ஏத்தலை. எச்சரிக்கைக் கடிதம் உண்டு.”

“சரி, பாக். யாரு கையெழுத்துப் போடுவாங்க?”

“நான்தான்.”

“நீங்க திரும்பி வர எத்தனை நாள் ஆகும்?”

“அஞ்சு நாள்.”

“போதும்,” என்றார் பு லாசினெம்.

அந்த ஐந்து நாளும் அவர் எழுந்தது சாப்பிடவும் தொழவும் மட்டும்தான். காப்பி நான்தான் போட்டேன். இருநூற்றுப் பதினான்கையும் வரி வரியாகப் படித்ததில், அதே மாதிரி ஒட்டும் வரிகள் முப்பத்தொரு இடத்தில் இருந்தன. ரெய்னால்டி ஜகார்த்தாவுக்குப் போகும் பயணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு, வெள்ளைக் காலணியைக் கழற்றி வைத்து, எதிர் மேசையில் உட்கார்ந்து சரிபார்த்தார். “லாக்கர்குள்ள ரொம்ப சூடா இருக்கு, பு,” என்று ஒரு தரம் சொன்னார். “எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க, மாஸ்,” என்றார் இவர்.

திங்கட்கிழமை பாக் லெகிமான் திரும்பி வந்தார். கடிதத்தை மக்காசரிலிருந்தே சொல்லி எழுதவைத்திருந்தார். கவனக்குறைவால் இருநூற்று நாற்பத்தொரு பயணிகளின் பெயர்கள் பட்டியலில் விடுபட்டன, கப்பல் நாற்பது நிமிடம் தாமதமானது, இது முதல் எச்சரிக்கை. பு லாசினெம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே இரண்டு முறை படித்தார். பேனாவைக் கையில் எடுத்தார். கையெழுத்துப் போடவில்லை.

“என்ன பு, ஒத்துக்க மாட்டீங்களா?”

“ஒத்துக்கறேன், பாக். எண்ணிக்கை தப்பு. அந்த அதிகாரி உங்களை விட்டுட்டு சொன்னாரு. உங்களையும் சேத்தா இருநூத்தி நாப்பத்திரண்டு.”

பாக் லெகிமான் கடிதத்தைத் திருப்பி வாங்கி, ஒன்றை அடித்து இரண்டு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். அதன் பிறகு பு லாசினெம் கையெழுத்துப் போட்டார்.